ஆசிரியர் விலகி நிற்கும் வகுப்பறையும் ஆசிரியரே இல்லாத வகுப்பறையும்

(கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை ஆவணத்தைப் படித்தவர்கள் ஒரு விந்தையைக் கவனித்திருக்கக்கூடும். அனுபவவழிக் கற்றல், கண்டறிந்து கற்றல், விவாதித்துக் கற்றல், மாணவர் மாணவருக்குக் கற்பித்தல் என்று, ஜனநாயகக் கல்வியாளர்கள் அரை நூற்றாண்டாகப் பேசிவந்த சொற்கள் அத்தனையும் அதில் இடம்பெற்றிருக்கின்றன. கோரிக்கை வென்றுவிட்டது என்று மகிழலாமா?

அந்த ஆவணத்தின் இரண்டாம் அத்தியாயத்தைச் சற்று நிதானமாக வாசித்தால் மகிழ்ச்சி குறைந்துவிடும். அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் கோடிக்கணக்கான குழந்தைகளுக்குக் கிட்டவில்லை என்பதை அது ஒப்புக்கொள்கிறது. அதற்கான வழிகளில் ஒன்றாக, குழந்தைகள் சக குழந்தைகளுக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டைப் பரிந்துரைக்கிறது. எழுத்தறிவு பெற்ற ஒவ்வொருவரும் ஒரு குழந்தைக்குப் படிக்கச் சொல்லித்தர முன்வந்தால் நாட்டின் நிலையே மாறிவிடும் என்றும் நம்பிக்கை தெரிவிக்கிறது. பயிற்சி பெற்ற ஆசிரியரின் மேற்பார்வையில் என்ற சொற்களும், காலிப் பணியிடங்களை நிரப்ப வேண்டும் என்ற வாசகமும் அதே அத்தியாயத்தில் உண்டு. அவற்றை மறைப்பது நேர்மையாகாது. ஆனால் ஒரே ஒரு ஆசிரியருடன் நடக்கும் பள்ளிகள் இந்தியாவில் இன்றும் ஒரு லட்சத்துக்கு மேல் இருக்கின்றன என்று அரசின் சொந்தப் புள்ளிவிவரம் கூறுகிறது. ஐந்து வகுப்புகளையும் சத்துணவுக் கணக்கையும் வாக்காளர் பட்டியலையும் ஒருவரே சுமக்கும் பள்ளியில், ‘சக மாணவர் கற்பித்தல்’ என்ற அழகிய சொல்லுக்கு என்ன பொருள் இருக்க முடியும்? அந்தக் கேள்விதான் இந்த வகுப்பின் பொருள்.

குழந்தைகள் கூடிக் கற்பது, அவர்களே கேள்வியை எழுப்பி அவர்களே விடை தேடுவது என்பது இந்தியாவில் வெறும் கனவாக இருந்ததில்லை. முப்பது ஆண்டுக்காலம் அது மத்தியப் பிரதேசத்தின் சாதாரண அரசுப் பள்ளிகளில், ஏழை விவசாயிகளின், கூலித் தொழிலாளரின் பிள்ளைகளிடையே நடந்தது. இன்று நர்மதாபுரம் என்று பெயர் மாற்றப்பட்டுள்ள ஹோஷங்காபாத் மாவட்டத்தில், 1972இல், 16 நடுநிலைப் பள்ளிகளில் ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டம் தொடங்கியது. ரசூலியாவிலிருந்த நண்பர்கள் கிராமிய மையமும், பன்கேடி வட்டாரத்தில் இயங்கிய கிஷோர் பாரதியும் அதைத் தொடங்கின. மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் மூலக்கூற்று உயிரியலாளராக இருந்த அனில் சத்கோபால் அந்தப் பணியை விட்டு வந்து கிஷோர் பாரதியை அமைத்தவர். தில்லி பல்கலைக்கழகப் பேராசிரியர்களும், டாட்டா நிறுவன விஞ்ஞானிகளும் கிராமப் பள்ளி ஆசிரியர்களோடு தரையில் அமர்ந்து பாடங்களை உருவாக்கினார்கள். 1978இல் மாவட்டத்தின் எல்லா நடுநிலைப் பள்ளிகளுக்கும் திட்டம் விரிந்தது. அதை மேலும் பரப்புவதற்காக 1982இல் ஏகலவ்யா அமைப்பு நிறுவப்பட்டது.

வகுப்பறையில் என்ன மாறியது என்பதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். ஏனெனில் கல்வி பற்றிய கட்சி விவாதங்களில் நிதி ஒதுக்கீடும் தனியார்மயமும் பேசப்படுகின்றன. வகுப்பறைக் கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்ப்பது அரிது.

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான குழந்தைகள் நால்வர் நால்வராக ஒரு குழுவாக அமர்ந்தார்கள். குழுவுக்குச் செய்முறைப் பொருள்கள் தரப்பட்டன. ‘பால் வைக்ஞானிக்’, அதாவது ‘குழந்தை விஞ்ஞானி’ என்ற பெயர் கொண்ட அவர்களது நூலில் வரையறைகள் இல்லை, விடைகள் இல்லை. இதைச் செய்து பார், என்ன கண்டாய், உன் குழுவுக்கும் அடுத்த குழுவுக்கும் விடை ஏன் வேறுபட்டது என்ற வகையில்தான் பக்கங்கள் நகர்ந்தன. விடையைக் குழந்தைகள் தங்கள் குறிப்பேட்டில் எழுதினார்கள். ஓர் ஆண்டு முடியும்போது அச்சிட்ட நூலும் குழந்தையின் குறிப்பேடும் சேர்ந்துதான் முழுப் பாடநூலானது.

அந்தப் பாடங்களுள் ஒன்று தற்செயலும் நிகழ்தகவும் பற்றியது. ஒரு நாணயத்தைப் பத்து முறை சுண்டினால் தலை ஐந்து முறைதான் விழும் என்று சொல்ல முடியாது. ஒரு குழுவுக்கு ஏழு விழும், இன்னொன்றுக்கு மூன்று விழும். குழந்தைகள் சண்டையிடுவார்கள், உன் நாணயம் கள்ள நாணயம் என்பார்கள். எல்லாக் குழுக்களின் எண்ணிக்கையையும் கரும்பலகையில் எழுதிக் கூட்டும்போதுதான், ஏறத்தாழப் பாதி என்ற ஒழுங்கு மெல்லத் தலைகாட்டும். தோழர்களே, இங்கே கூட்டுக் கற்றல் என்பது கற்பிப்பதற்கான ஓர் உத்தி மட்டுமல்ல. வகுப்பின் மிகக் கெட்டிக்காரக் குழந்தை தனியாக அமர்ந்து பத்து முறை சுண்டினாலும் அந்த உண்மை கைக்கு வராது. நாற்பது பேரின் உழைப்பு ஒரே பலகையில் சேர்ந்தால்தான் அது தெரியும். முதல் மதிப்பெண் யாருக்கு என்று குழந்தைகளை ஒருவரோடொருவர் மோதவிடும் பள்ளிமுறைக்கு இதைவிட நல்ல மறுப்பு தேவையில்லை.

தேர்வும் மாறியது. நூலையும் குறிப்பேட்டையும் திறந்து வைத்துக்கொண்டு எழுதும் தேர்வு. கூடவே செய்முறைத் தேர்வு. மனப்பாடத்துக்கு அங்கே வேலையில்லை. குழந்தைகளின் வகுப்பறைக் கேள்விகள் போதாவென்று ‘சவாலிராம்’ என்றொரு கற்பனைப் பாத்திரமும் உருவாக்கப்பட்டது. எந்தக் கேள்வியையும் குழந்தைகள் அவருக்குக் கடிதமாக எழுதலாம்; பதில் வரும். ஊருக்குள் யாரும் பதில் சொல்லாத கேள்விகளோடு வளர்ந்த ஒரு குழந்தைக்குத் தபாலில் தன் பெயருக்கு வரும் பதில் என்னவாக இருந்திருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். செய்முறைப் பொருள்களும் விலைகொடுத்து வாங்கும் ஆய்வகச் சரக்காக இருக்கவில்லை. பொறியாளர் அரவிந்த் குப்தா 1978இல் தொழிற்சாலை வேலையிலிருந்து விடுப்பு எடுத்து இந்தத் திட்டத்துக்கு வந்தபோதுதான், சைக்கிள் வால்வு டியூபையும் தீக்குச்சிகளையும் இணைத்து வடிவியல் உருவங்கள் செய்யும் முறையைக் கண்டார். வாரச்சந்தையில் கிடைக்கும் பொருளே அறிவியல் கருவியானது.

இவ்வளவும் சொன்னபின், ஆசிரியர் எங்கே போனார் என்று கேட்க வேண்டும். அவர் எங்கும் போகவில்லை. விடை சொல்லும் இடத்திலிருந்து விலகினார். ஆனால் வேலை இரு மடங்காயிற்று. பத்துக் குழுக்கள் பத்து விதமான முடிவோடு வரும்போது எதை ஏற்பது, எதைத் திரும்பச் செய்யச் சொல்வது என்பதை அவர்தான் அந்த நொடியில் தீர்மானிக்க வேண்டும். நால்வர் குழு என்று உட்காரவைத்துவிட்டால் சமத்துவம் தானாக வந்துவிடாது. நிலமுள்ள வீட்டுப் பையன் கருவியை எடுத்துக்கொள்வான். கூலி வீட்டுப் பையன் பார்த்துக்கொண்டிருப்பான். பெண் குழந்தை குறிப்பு எழுதிவிட்டுக் கடைசியில் பாத்திரத்தைக் கழுவிவைப்பாள். யார் யாரருகே அமர்வது என்பதிலேயே சாதி வந்துவிடும். ஊரில் உள்ள படிநிலை முழுவதும் அந்த நால்வருக்குள் அப்படியே இறங்கும். அதைக் கண்டு, கருவியைக் கைமாற்றி, பேசாத குழந்தையைப் பேசவைப்பதற்குப் பயிற்சியும் பொறுமையும் சமூக உணர்வும் கொண்ட ஆசிரியர் தேவை. ஆகவேதான் திட்டம் ஆசிரியர் பயிற்சிக்கு அவ்வளவு உழைப்பைக் கொட்டியது. கோடை விடுமுறையில் வாரக்கணக்கில் நடந்த முகாம்களில் ஆசிரியர்களே நால்வர் நால்வராக அமர்ந்து நாணயம் சுண்டினார்கள், தவறு செய்தார்கள், விஞ்ஞானிகளோடு வாதாடினார்கள். பள்ளி தொடங்கியபின் மாதந்தோறும் கூடி வகுப்பறை அனுபவங்களைப் பேசினார்கள்.

கல்வியாளரும் கல்வி பெற வேண்டும் என்று 1845இல் ஃபாயர்பாக் பற்றிய குறிப்புகளில் மார்க்ஸ் சுட்டியது கட்சி வகுப்புகளில் பலமுறை விளக்கப்பட்டிருக்கிறது. சமுதாயத்தை இரண்டாகப் பிரித்து ஒரு பகுதியை மற்றதற்கு மேலே நிறுத்தும் பார்வையை அவர் அங்கே மறுத்தார். அந்த முகாம்கள் அந்தக் கருத்தின் நடைமுறை. சோவியத் உளவியலாளர் வைகோத்ஸ்கி இதே விஷயத்தை வேறு கோணத்தில் ஆராய்ந்தார். குழந்தை தனியாக இன்று எதைச் செய்ய முடிகிறது என்பதைவிட, தேர்ந்தவர் துணையோடு எதைச் செய்ய முடிகிறது என்பதே அதன் வளர்ச்சியைக் காட்டுகிறது என்றார். இங்கே துணை என்ற சொல்தான் முக்கியம். துணையே இல்லாமல் விடப்பட்ட குழந்தை சுதந்திரமான குழந்தை அல்ல, கைவிடப்பட்ட குழந்தை.

இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் காண வரலாற்றில் இன்னொரு வகுப்பறைக்குள்ளும் நுழைய வேண்டும். அது சென்னையில் இருந்தது. ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் 1789இல் எழும்பூரில் இருந்த இராணுவ ஆண் அனாதை விடுதிப் பள்ளியின் கண்காணிப்பாளரானார். ஐரோப்பியப் படைவீரர்களின் பிள்ளைகள் அங்கே பயின்றார்கள். அருகே ஒரு நாட்டுப் பள்ளியில் சிறுவர்கள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதை அவர் கண்டார். நமது திண்ணைப் பள்ளிகளில் வாத்தியாருக்கு உதவியாகச் சட்டாம்பிள்ளை இருந்த வழக்கம் அனைவரும் அறிந்தது. பெல் தம் பள்ளியில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைச் சிறுபிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லித்தர நிறுத்தினார். வெற்றி கண்டார். 1797இல் லண்டனில் இதைப் பற்றி அறிக்கை வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரிலேயே அது இங்கிலாந்தில் பரவியது. ஜோசப் லங்காஸ்டர் இதையொத்த முறையைத் தனியே வளர்த்தார்.

தொழிற்புரட்சி உச்சத்தில் இருந்த அந்நாட்டுக்கு, ஏழைக் குழந்தைகளை மிகக் குறைந்த செலவில் எழுத வாசிக்கப் பழக்கிக் கட்டுப்பாட்டுக்குள் வைக்க ஒரு முறை தேவைப்பட்டது. ஒரே மண்டபம், நூற்றுக்கணக்கான குழந்தைகள், ஒரே ஆசிரியர், வரிசைக்கொரு சட்டாம்பிள்ளை. ஆலையில் மேஸ்திரி நிற்பது போலவே வகுப்பில் சட்டாம்பிள்ளை நின்றான். மாணவர் மாணவருக்குக் கற்பித்தார். ஆனால் எந்த மாணவரும் கேள்வி கேட்கவில்லை. மேலிருந்து வந்ததைக் கீழே கடத்துவதுதான் அங்கே ‘கூட்டு’. கனவான்களின் பிள்ளைகள் அந்த மண்டபத்துக்கு அனுப்பப்படவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஹோஷங்காபாதும் எழும்பூரும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கலாம். இரண்டிலும் குழந்தைகள் குழுவாக இருக்கிறார்கள். இரண்டிலும் ஆசிரியரின் குரல் குறைவாகக் கேட்கிறது. ஒன்றில் ஆசிரியர் விலகி நிற்கிறார். மற்றதில் ஆசிரியருக்கான சம்பளம் மிச்சப்படுத்தப்படுகிறது. தேசியக் கல்விக் கொள்கையின் சொற்கள் ஹோஷங்காபாதிலிருந்து எடுக்கப்பட்டவை. நிதி ஒதுக்கீடும் நியமனத் தடையும் அவற்றை எழும்பூருக்கே கொண்டுசெல்லும்.

ஹோஷங்காபாத் திட்டத்தின் முடிவும் இதையே காட்டுகிறது. 2002 வாக்கில் அது 15 மாவட்டங்களில் ஏறத்தாழ ஆயிரம் பள்ளிகளை எட்டியிருந்தது. அந்த ஆண்டு மாநில அரசு ஓர் ஆணையின் மூலம் அதை மூடியது. ஆட்சியில் இருந்தது காங்கிரஸ். மூடச் சொல்லி மாவட்டத்தில் குரல் எழுப்பியதில் முன்னின்றது பா.ஜ.க. மாநிலம் முழுவதும் ஒரே பாடமுறை வேண்டும் என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. நாட்டின் பல பகுதிகளிலிருந்து விஞ்ஞானிகளும் கல்வியாளர்களும் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அரசு அசையவில்லை.

ஆணைக்கு முன்பே அடித்தளம் அரிக்கப்பட்டிருந்தது. தொண்ணூறுகளில் மத்தியப் பிரதேசம் நவதாராளமயக் கல்விக்கு ஒரு சோதனைக்கூடமாக இருந்தது. நிரந்தர ஆசிரியர் நியமனம் நிறுத்தப்பட்டது. அந்தப் பணிப்பிரிவே அழியும் பிரிவாயிற்று. சொற்ப ஊதியத்தில் சிக்ஷா கர்மிகள் வந்தார்கள். 1997இல் கல்வி உத்தரவாதத் திட்டம் என்ற பெயரில், ஊர் கேட்டால் பள்ளி என்றும், அந்தப் பள்ளிக்கு ஒரு குருஜி என்றும் மதிப்பூதியத்தில் ஏற்பாடு செய்யப்பட்டது. உலக அரங்குகளில் அதற்குப் பாராட்டும் கிடைத்தது. ஆண்டுக்காண்டு பயிற்சி பெற்று, மாதந்தோறும் கூடிப் பேசி வளரும் ஆசிரியரைக் கேட்கும் திட்டம் ஒருபுறம். நாளை வேலை இருக்குமா என்று அறியாத ஒப்பந்த ஊழியர் மறுபுறம். இரண்டும் ஒரே மாநிலத்தில் நெடுநாள் இருந்திருக்க முடியாது.

இன்னொரு கசப்பான உண்மையும் உண்டு. திட்டம் மூடப்பட்டபோது ஆயிரம் கிராமங்களில் பெற்றோர் தெருவுக்கு வரவில்லை. அதற்காக அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஒன்பதாம் வகுப்பில் பழைய மனப்பாடத் தேர்வு காத்திருந்தது. அதில் தேறினால்தான் வேலை. விடை இல்லாத பாடநூலைப் பார்த்த விவசாயிக்குத் தன் பிள்ளையைச் சோதனை எலியாக்குகிறார்களோ என்ற ஐயம் எழுந்தால் அது இயல்பே. அந்த ஐயத்தைப் பேசித் தீர்க்கும் விவசாய சங்கமோ தொழிற்சங்கமோ அங்கே அந்தத் திட்டத்தைத் தன்னுடையதாகக் கருதவில்லை. விஞ்ஞானிகளின் நல்லெண்ணத்தையும் அரசின் அனுமதியையும் நம்பி நின்றது. அனுமதி போனதும் சாய்ந்தது.

கேரளத்தின் பாதை வேறாக இருந்ததற்கு இதுவே காரணம். அங்கும் சிக்கல் இல்லாமல் இல்லை. செயல்வழிப் பாடத்திட்டம் தொண்ணூறுகளில் உலக வங்கிக் கடனில் நடந்த மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டத்தின் வழியாக வந்ததால், இடதுசாரிகளுக்குள்ளேயே கடும் விவாதம் எழுந்தது. அந்த ஐயம் நியாயமானது. ஆனால் 1962இல் தோன்றி, எழுபதுகளில் ‘சமூகப் புரட்சிக்கு அறிவியல்’ என்ற முழக்கத்தை ஏற்ற கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் போன்ற ஓர் இயக்கமும், வலுவான ஆசிரியர் சங்கங்களும் அங்கே இருந்தன. எனவே விவாதம் பொதுமக்களிடையே நடந்தது. அதிகாரியின் மேசையில் முடிந்துவிடவில்லை. 2008இல் ஏழாம் வகுப்புச் சமூக அறிவியல் நூலில், மதம் இல்லை என்று பள்ளியில் பதிவு செய்யப்படும் ஒரு பையனைப் பற்றிய பாடத்தின் மீது பெரும் கலவரமே கிளப்பப்பட்டது. அந்தப் போராட்டத்தின்போது ஓர் ஆசிரியர் தாக்கப்பட்டு உயிரிழந்தார். குழந்தைகளை யோசித்துப் பேசச் சொல்லும் ஒரு பக்கம், சில சக்திகளை எந்த அளவுக்கு அச்சுறுத்துகிறது என்பதற்கு அது சாட்சி. 2018இல் அரசுப் பள்ளிகளில் ‘லிட்டில் கைட்ஸ்’ என்ற மாணவர் கணினிக் குழுக்கள் தொடங்கப்பட்டன. கட்டற்ற மென்பொருளில் மாணவர்கள் தாமே கற்று, சக மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் கற்பிக்கிறார்கள். 2022இல் பாடத்திட்ட மாற்றம் பற்றிய விவாதம் வகுப்பறைகளுக்கே கொண்டுசெல்லப்பட்டு மாணவர்களின் கருத்து கேட்கப்பட்டது. பாடத்தை யார் தீர்மானிப்பது என்ற கேள்வியில் மாணவருக்கும் இடமுண்டு என்று ஓர் அரசு ஏற்றது சிறிய செய்தியல்ல. அதே காலத்தில்தான் ஒன்றிய அரசின் பாடநூல் நிறுவனம் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலிலிருந்து பரிணாமக் கோட்பாட்டை நீக்கியது.

இனி கட்சி உறுப்பினர்கள் செய்ய வேண்டியவை. முதலில் ஒரு சங்கடமான விஷயம். கிளைகளில் உள்ளோர் பலரின் பிள்ளைகள் தனியார் பள்ளிகளில் படிக்கிறார்கள். காரணங்கள் இருக்கலாம். ஆனால் அரசுப் பள்ளியின் வகுப்பறை பற்றி மாநாட்டுத் தீர்மானத்தின் வழியாக மட்டும் அறிந்தவர்களால் அதற்காகப் போராட இயலாது. இரண்டாவது, கட்சிக் கல்வி வகுப்புகளே எப்படி நடக்கின்றன என்பது. ஒருவர் இரண்டு மணி நேரம் பேசுகிறார். ஐம்பது பேர் குறிப்பெடுக்கிறார்கள். ‘கேள்வி இருந்தால் கேட்கலாம்’ என்னும்போது மதிய உணவு வந்துவிடுகிறது. இந்த வகுப்பும் இதுவரை அப்படியே நடந்திருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. எனவே பிற்பகலில் உரை இல்லை. தோழர்கள் நால்வர் நால்வராக அமர்ந்து, அவரவர் ஊர்ப் பள்ளி பற்றிய விவரங்களை எழுதப் போகிறார்கள்.

அதற்கு அடிப்படை, சட்டத்திலேயே இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 29ஆவது பிரிவில், செயல்பாடுகள் வழியாகவும் தேடிக் கண்டறிவதன் வழியாகவும் கற்றல் நிகழ வேண்டும் என்கிறது. குழந்தை அச்சமின்றித் தன் கருத்தைச் சொல்ல உதவ வேண்டும் என்கிறது. அதே சட்டம் தொடக்கப் பள்ளியில் 30 குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியர் என்றும், நடுநிலை வகுப்புகளில் 35 பேருக்கு ஒருவர் என்றும் விகிதம் வகுத்திருக்கிறது. முதல் பகுதியை மேற்கோள் காட்டுவோர் இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள். இரண்டும் சேர்ந்ததுதான் சட்டம். 21ஆவது பிரிவின்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். ஊரில் அந்தக் குழு கடைசியாக எப்போது கூடியது? பள்ளியில் எத்தனை ஆசிரியர் பணியிடம், எத்தனை காலி, நிரந்தரமானவர் எத்தனை பேர்? செய்முறைப் பொருள்கள் குழந்தைகளின் கையில் இருக்கின்றனவா, தலைமையாசிரியர் அறை அலமாரியில் பூட்டப்பட்டிருக்கின்றனவா? சாவி யாரிடம்? உணவுக்குப் பின் குழுக்கள் இந்த விவரங்களை எழுதி, எல்லாவற்றையும் ஒரே பலகையில் சேர்க்கும்.